டிவி விவாதத்தில் எல்லாக் கட்சிக்கும் சம நேரம் கட்டாயமா?

"தேர்தல் விவாதங்களுக்குச் சிறிய கட்சிகளையும் அழைத்துச் சம நேரம் தராத டிவி சேனலின் உரிமத்தைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்யும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

தனியார் சேனல் யாரை அழைப்பது என்பது அதன் முடிவு. சேனலுக்கு அனுமதி தருவது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது, ஆணையத்திடம் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 39ஏ பிரிவு. கட்சிகளின் பிரசாரத்துக்கான ஒளிபரப்பு நேரப் பங்கீடு பற்றி அது பேசுவது உண்மைதான். ஆனால் தேசியக் கட்சி, மாநிலக் கட்சி என அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும், அதுவும் முந்தைய தேர்தல் செயல்பாட்டின் அடிப்படையில். நடைமுறையில் இது தூர்தர்ஷனிலும் ஆகாஷ்வாணியிலும்தான் நடக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் தேசியக் கட்சி, மாநிலக் கட்சி ஒவ்வொன்றுக்கும் அடிப்படையாக 45 நிமிடம். கூடுதல் நேரம் கடந்த தேர்தல் வாக்குகளைப் பொறுத்தது. ஒரே அமர்வில் 15 நிமிடத்துக்கு மேல் கிடையாது. எந்த நாள், எந்த நேரம் என்பது குலுக்கலில் முடிவாகும். உரையை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். இதைத் தவிர, இந்த இரண்டையும் நடத்தும் பிரசார் பாரதி அதிகபட்சம் 2 குழு விவாதங்கள் நடத்தலாம். தகுதியுள்ள கட்சிக்கு ஒரு பிரதிநிதி.

பதிவு மட்டும் பெற்று அங்கீகாரம் பெறாத கட்சிக்கு இதில் ஒரு நிமிடம்கூட இல்லை. உண்மையான அநீதி இங்கேதான் இருக்கிறது. இல்லாத உரிமையை இருப்பதாகப் பரப்பினால், அதைக் கேட்டுப் பெறும் முயற்சிதான் தளரும்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணையம் வெளியிடும் நேர ஒதுக்கீட்டு உத்தரவு அதன் இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்த வாட்ஸ்அப் தகவலை இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.