மான் பாவம்தான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வேட்டைச் சட்டம் சரி

ஞாயிற்றுக்கிழமையும் மான் வேட்டையாடலாம் என்று வந்த சட்டத்தைப் பற்றி நம் ஊர்த் தமிழ் வாட்ஸப் குழுவில் மறுபடியும் பேச்சு. "ஞாயிற்றுக்கிழமைகூட அந்த வாயில்லா ஜீவனை விட்டுவைக்க மாட்டாங்களா?" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அவர் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். நாலு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு 1873லிருந்து தடை இருந்தது. நரி, காக்கை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 2019இல் வந்த சட்டம் மூன்றே மூன்று ஞாயிறுகளைத் திறந்தது. 2025 ஜூலையில் ஆளுநர் ஜோஷ் ஷபிரோ கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையையே எடுத்துவிட்டது. எந்தெந்த ஞாயிறு என்று முடிவு செய்வது இப்போது மாநில வேட்டை ஆணையத்தின் பொறுப்பு. அந்த ஆண்டே செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை 13 ஞாயிறுகளைத் திறந்தார்கள்.

"13 நாள் கூடினால் அத்தனை மான் கூடுதலாகச் சாகுமே" என்பதுதான் குழுவில் எல்லாரும் கேட்டது. அப்படிக் கணக்குப் போட முடியாது. ஒரு வேட்டைக்காரருக்கு ஒரு வேட்டை ஆண்டில் ஒரே ஒரு கொம்புள்ள மான்தான். சனிக்கிழமை சுட்டாலும் ஞாயிற்றுக்கிழமை சுட்டாலும் அதோடு சரி. கொம்பில்லாத மானுக்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எத்தனை சீட்டு என்பதை ஆணையம் ஆண்டுதோறும் அங்குள்ள மான்களின் நிலையைப் பார்த்து நிர்ணயிக்கிறது. எத்தனை மான் என்பதற்கு வரம்பு அந்தச் சீட்டில் இருக்கிறது. சட்டம் கூட்டிக் கொடுத்தது காட்டுக்குப் போகிற நாளை.

அந்த நாள் யாருக்கு வேண்டும்? எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைச் சொல்கிறேன். கிடங்கில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் ஷிப்ட், சனிக்கிழமை பெரும்பாலும் ஓவர்டைம். மிச்சம் இருப்பது ஞாயிறு ஒன்றுதான், அந்த நாளில் வேட்டைக்குப் போனால் குற்றம் என்றிருந்தது. தாத்தா காலத்திலிருந்து வேட்டைக்குப் போகிற குடும்பம் அது. பேரனைக் கூட்டிப்போக நாள் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன். வேலையில்லாத வசதிக்காரர் செவ்வாய்க்கிழமையும் போகலாம், உழைக்கிறவர் ஒரு நாளும் போக முடியாது என்பது எந்த ஊர் நியாயம்?

மான் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காடுகளில் ஓநாயும் மலைச்சிங்கமும் (பூமா) 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிக்கப்பட்டுவிட்டன. மான்களும் அப்போது ஏறக்குறைய ஒழிந்துபோய், 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவற்றை அடித்துத் தின்ன ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாததால் பெருகின, மளமளவென்று. அரசுக் காடு ஒன்றில் மான் நுழையாதபடி உயர வேலி போட்ட ஓர் இடத்தைப் பையனுக்குக் காட்டப் போயிருந்தேன். வேலிக்குள்ளே இடுப்புயரத்துக்கு ஓக் கன்றுகள், காட்டுப்பூச்செடிகள். வெளியே பெரிய மரங்களுக்கு அடியில் கண்ணுக்கெட்டியவரை பெரணி மட்டும்தான், அதை மான் விரும்பித் தின்பதில்லை. மான் கடித்த மரக்கன்று ஒன்றைப் பையன் தொட்டுப் பார்த்தான். நுனி பிய்ந்து நார்நாராக இருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் இழுத்துப் பிய்த்துத்தான் தின்னும். மூத்த மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் வளர இளங்கன்று இல்லை.

எங்கள் வீட்டு அவரைப் பந்தல் போனதைப் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த அக்டோபர் மாலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பும்போது, இருட்டுகிற நேரம், ஒரு மான் சாலையைத் தாண்டியது. பிரேக் போட்டு நின்றேன், தப்பித்தது. பின்னாலேயே வந்த இன்னொன்று எதிர்த்திசைக் காரில் மோதியது. பின்னங்கால்கள் இரண்டும் முறிந்து, முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்க்கிறது, சரிகிறது, மறுபடி எழப் பார்க்கிறது. காவலர் வந்து சுடும்வரை நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அதன் கண் திறந்தே இருந்தது. அக்கா, "பாவம்" என்ற சொல்லை நான் அன்றுதான் முழுசாக உணர்ந்தேன். இணைசேரும் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இங்கே ஏதாவதொரு சாலையில் இது தினமும் நடக்கிறது. அந்த இறைச்சியும் பெரும்பாலும் யாருக்கும் ஆவதில்லை. வேட்டையில் விழுந்த மான் சமையலறைக்குப் போகிறது. 1991லிருந்து வேட்டைக்காரர்கள் தரும் இறைச்சியை உணவு வங்கிகளுக்கு அனுப்பும் ஏற்பாடும் இந்த மாநிலத்தில் இருக்கிறது.

எனக்கும் இதில் இழப்பு உண்டு, மறைக்கவில்லை. இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு பயமில்லாமல் காட்டில் நடந்துகொண்டிருந்தோம். இப்போது எல்லாருக்கும் வேட்டைக்காரர் கண்ணில் படுகிற ஆரஞ்சு நிறச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன், பையனுக்குத் தொப்பியும். நடைபாதை தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் வேட்டை நாட்களை எழுதிப் பெரிய பலகை வைக்க வேண்டும். புதிதாகக் குடிவந்த நம்மைப் போன்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியார் நிலத்தில் வேட்டையாட உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓடை வரை கொஞ்சம் காடு இருக்கிறது. முன்பு மூன்று ஞாயிறுகள் மட்டும் இருந்தபோது பெரியவர் ஒருமுறை காகிதத்தோடு வந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். புதுச் சட்டம் வந்த ஆண்டு செப்டம்பரில் நானே அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வில் மட்டும், துப்பாக்கி வேண்டாம், குழந்தைகள் விளையாடும் பக்கம் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். அவர் வீட்டுச் சமையலறை மேஜையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.