அதிகப்பிரசங்கியின் அப்பா

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அங்கே ஒரு சார் என்னிடம் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் என்னால் விட முடியவில்லை. "உங்க பொண்ணு ஆன்லைன்ல தத்துவம் படிக்காளாமே, சாமியாராப் போகப் போறாளா?" ஹாலே சிரித்தது. பக்கத்தில் நின்ற மகளும் சிரித்து வைக்கப் பார்த்தாள். வரவில்லை.

சார், அவள் படிப்பது சாமியார் சமாச்சாரம் இல்லை. ஒரு விஷயம் நமக்குத் 'தெரியும்' என்று எப்போது சொல்லலாம்? அவ்வளவுதான் பாடம். ஐபி என்கிற சர்வதேசப் பாடத்திட்டத்தில் இவள் வயதுப் பிள்ளைகளுக்கு இது கட்டாயம். லட்சக்கணக்கில் கட்டிப் படித்தால் பாடம், பாளையங்கோட்டையில் இலவச வீடியோவில் படித்தால் சாமியார். அப்படித்தானே?

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். அப்போது சிந்துபூந்துறையில் இருந்தோம். ராத்திரி குடும்ப வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு, பாபநாசம் அணை உடைந்துவிட்டதென்று. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, படியில் நின்று கேட்டாள்: "யாரு பாத்தா ஆச்சி?" ஆச்சி வைதாள். நானும்தான் வைதேன். விடிவதற்குள் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அணை உடையவில்லை. மழையும், அணையில் திறந்துவிட்ட தண்ணீரும் செய்த வேலை.

போன மாதம் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து கேட்டாள். "தண்ணி வரும்னு நம்பினோம். வந்துது. நம்புறதுக்கு ஒரு காரணமும் இருந்துது. ஆனா அந்தக் காரணம் பொய். அப்போ நமக்கு அன்னைக்குத் தெரிஞ்சிருந்துதுன்னு சொல்லலாமாப்பா?" எனக்குப் பதில் வரவில்லை. எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் 1963இல் மூன்றே பக்கக் கட்டுரையில் இந்த முடிச்சைப் போட்டாராம், இன்னும் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்களாம். என் மகள் அதை எங்கள் வீட்டு அரிசி மூட்டையில் கண்டுபிடித்திருக்கிறாள். இது சாமியார் வேலையா?

வெள்ளைக்காரன் சரக்கு என்பவர்களுக்கு: மணிமேகலை 27ஆம் காதையைப் புரட்டுங்கள். அறிவதற்கு வழி எத்தனை என்று அங்கேயே சண்டை. அங்கே வரும் பழைய ஆசிரியர்களில் வியாசன் பத்து என்கிறான், கிருதகோடி எட்டு, சைமினி ஆறு. அதில் ஐதிகம் என்று ஒன்று, ஊர் வழிவழியாகச் சொல்வதை நம்புவது. உதாரணம் என்ன தெரியுமா? இந்த மரத்தில் பேய் இருக்கிறது! அதைப் படித்துவிட்டு, "நம்ம ஃபேமிலி குரூப்புப்பா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்க் குறைந்தது என்கிறீர்கள். குறைந்தது. கெமிஸ்ட்ரியில் பன்னிரண்டு மார்க் குறைவு. ராத்திரி பதினொன்றரை வரை முழித்திருக்கிறாள், அதுவும் நிஜம். சரி, ரீல்ஸ் பார்த்து மார்க் குறைந்த பிள்ளைகளின் அப்பாக்களை யாரும் ஹாலில் எழுப்பி நிறுத்தவில்லையே.

வகுப்பில் அணுவைப் பற்றி "இது நமக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டாளாம். அதுதான் குற்றம். அந்த வாத்தியாருக்கும் போர்ஷன் முடிக்க வேண்டும், அறுபது பிள்ளைகள், ஒப்புக்கொள்கிறேன். "அப்புறம் சொல்றேன்" என்றிருக்கலாம். "புத்தகத்துல போட்டிருக்கு, அதிகப்பிரசங்கி, உக்காரு" என்றிருக்கிறார். எந்தக் குறளை அந்த வகுப்புச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 423, 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு'. போய்ப் பாருங்கள்.

நான் ஏழாம் வகுப்பில், சேரன்மாதேவி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், பூமி சுற்றுகிறதென்றால் ஏன் நமக்குத் தெரிவதில்லை என்று கேட்டேன். ஒரு பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நின்றேன். பட்டப்பெயர் 'பூமி'. என் கல்யாணப் பந்தியில்கூட ஒருத்தன் "ஏலே பூமி, பாயசம்" என்றான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நான் கை தூக்கியதில்லை, கல்லூரியிலும்கூட. பெண்ணுக்காகப் பேச வந்து என் கதையைச் சொல்கிறேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு லேப்டாப் மூடியே இருந்தது. "கிளாஸ் இல்லையா?" என்றேன். "கெமிஸ்ட்ரி படிக்கேன்ப்பா." பத்தரைக்குத் தண்ணீர் வைக்கப் போனபோது பார்த்தேன். அதே பக்கம்தான் திறந்திருந்தது.