மருந்தை இன்னொருவர் பார்க்க வேண்டும்
மருத்துவரே மருந்தையும் கொடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம், தவறும் குறையும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அலைச்சல் மிச்சம் என்பது உண்மை. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடை தேடுவது கொடுமை. தவறு குறையும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மா ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டு வலிக்காகப் போன இடத்தில் மருத்துவரே காகித உறையில் மாத்திரை போட்டுக் கொடுத்தார். அட்டையைக் கத்தரித்ததில் பெயர் பாதி போயிருந்தது, காலாவதித் தேதி அடியோடு இல்லை. வழக்கமாக வாங்கும் கடையின் மருந்தாளுநர், மிச்சமிருந்த எழுத்துகளை வைத்தே அது இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி என்று கண்டுகொண்டார். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம், மருத்துவரிடம் திரும்பக் கேட்காமல் தொடவே வேண்டாம் என்றார். எல்லாம் ஒரே அறையில் முடிந்துவிட்டால் இதைப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தென் கொரியா 2000-இல், மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தபோதும், மருந்து எழுதுவதையும் கொடுப்பதையும் சட்டப்படி பிரித்தது. மருந்துக்கடையே இல்லாத ஊரில் என்ன செய்வது என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் கேட்டிருப்பது நியாயம்தான். அங்கே மருத்துவரே கொடுக்கட்டும்; ஆனால் பெயரும் அளவும் தேதியும் தெரியும்படி, மருந்துச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.