குளூட்டன் மாவில் கலக்கும் ரசாயனப் பசை அல்ல
“குளூட்டன் என்றால் பசை, கம்பெனிகள் மாவில் கலக்கும் ரசாயனப் பசைக்குத்தான் அந்தப் பெயர்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொருள் சரி, மற்றது தவறு. லத்தீனில் குளூட்டன் என்றால் பசைதான். ஆனால் கோதுமைப் புரதத்துக்கு அந்தப் பெயர் வந்தது அதன் இயல்பான ஒட்டும் தன்மையால். இத்தாலியின் பொலோனியாவில் பெக்காரி என்ற அறிவியலாளர் கோதுமை மாவைக் கழுவி அதைப் பிரித்தெடுத்த விவரம் 1745இலேயே அச்சாகிவிட்டது.

உலர்ந்த மாவில் இருப்பவை கிளையடின், குளூட்டெனின் என்ற புரதங்கள். தண்ணீர் பட்டுப் பிசையும்போதுதான் அவை பின்னி வலையாகின்றன. நீங்களே பார்க்கலாம்: 100 கிராம் மைதாவை 60 மில்லி தண்ணீர் விட்டு 10 நிமிடம் அழுத்திப் பிசைந்து, உருண்டையை 30 நிமிடம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு தண்ணீருக்குள்ளேயே மெதுவாகக் கசக்குங்கள். பால்போல் இறங்குவது ஸ்டார்ச் (மாவுச்சத்து). தண்ணீர் தெளியும்வரை மாற்றினால், ரப்பர்போல் இழுபடும் கட்டி கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். சரியாகப் பிசையாமலோ ஊறவிடாமலோ குழாயடியில் பிடித்தால் சிதறி ஓடிவிடும். அரிசி மாவில் செய்தால் கட்டியே வராது.

சில ரொட்டிகளில் குளூட்டனைத் தனியாகச் சேர்ப்பதும் உண்டு. அதுவும் கோதுமையிலிருந்து எடுத்ததே.

இன்னொன்று: ‘குளூட்டினஸ் ரைஸ்’ (ஒட்டும் அரிசி) என்ற பெயரைப் பார்த்து, குளூட்டன் சேராத சீலியாக் நோயாளிகள் பயப்பட வேண்டாம். அதில் ஒட்டுவது அமைலோபெக்டின் என்ற ஸ்டார்ச்.