ஊழியமா, டூரா?

இலங்கையில் ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் நாங்கள் இருவரும் நின்று எடுத்த படத்தை எங்கள் பாளையங்கோட்டை சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். கீழே ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, ஊழியமா, டூரா?" கூடவே இரண்டு சிரிப்புப் பொம்மை. அன்று பதில் போடவில்லை. ஊருக்கு வந்து சேர்ந்தாயிற்று, இப்போது போடுகிறேன்.

2023-ல் பத்து மாதம் நானும் இவரும் இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சபையில் இருந்தோம். எனக்கு 64, இவருக்கு 68. செலவெல்லாம் பென்ஷன் பணம். மிஷனெரி என்றதும் மேடை, மைக் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் பிள்ளைக்காம்பராவில் பாட்டும் கதையும். அம்மாமார் மலைக்கு வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. மத்தியானம் யாருக்காவது ஃபாரம் நிரப்புவது. சாயங்காலம் கணக்கு, இங்கிலீஷ். மீதி நேரமெல்லாம் துணி காயவைக்கிற போராட்டம். என் முட்டிவலிக்கு லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) படிகள் தனி உபத்திரவம்.

திங்கட்கிழமை லீவு. ரயில்வேயில் ரிட்டையர் ஆன மனுஷனை அன்றைக்கு வீட்டில் பிடித்துவைக்க முடியுமா? நம் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். அங்கே அகலப்பாதையே பட்டிப்பொலவுக்குப் பக்கத்தில் 1,898 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. அதைப் பார்க்க மட்டும் மூன்று தடவை போனோம், நோட்டும் பேனாவுமாக. அடிசம் பங்களாவுக்கும் போனோம். துரை கட்டிய கருங்கல் மாளிகை, இப்போது துறவிகள் மடம். ஜாம் வாங்கினோம், அவ்வளவுதான்.

லிப்டன் சீட் என்கிற மலை உச்சிக்குப் போன அன்றுதான் தப்புச் செய்தேன். தம்பேதென்ன வழியாக ஏறும்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களை நிறுத்தி, "இப்படித் திரும்பும்மா" என்று நாலு படம் எடுத்தேன். சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். அந்த வாரம் எங்கள் சபைப் பெண் ஒருத்தி விவரம் சொன்னாள். குறித்த கிலோ வராவிட்டால் முழுப்பேர் விழாதாம். அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். என் நாலு படத்துக்கு எத்தனை பிடி கொழுந்து போயிருக்கும்? டூர் போகிறவர்களே, முதுகில் கூடை இருக்கும்போது யாரையும் நிறுத்தாதீர்கள்.

அதற்காக ஊர் சுற்றக்கூடாது என்று சொல்லமாட்டேன். ஊழியத்துக்கு வந்தவர்கள் கட்டாயம் சுற்றவேண்டும் என்பேன். லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு பாட்டி. எல்லோரும் 'அம்மாயி' என்பார்கள். நெல்லைக்காரி எனக்கு அந்தச் சொல் புதிது. மூன்று மாதம் ஜெபத்துக்குப் போனோம். ஜெபம், தேத்தண்ணி, "போயிட்டு வாங்க டீச்சரம்மா". அதற்கு மேல் பேச்சில்லை. ஒருநாள் இவர் தெமோதரைச் சுற்றை கையால் வட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். அம்மாயி குறுக்கிட்டார்: "எங்களுக்கு அது ஒப்பாரிக் கோச்சிங்க ஐயா."

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்கள் தலைமன்னார்க் கப்பலைப் பிடிக்க ஏறிய ரயிலைத்தான் அப்படிச் சொன்னார்; கோச்சி என்றால் ரயில். தங்கச்சியை அப்புத்தளை ஸ்டேஷனில் அவரே ஏற்றிவிட்டாராம். உள்ளே இருந்தவர்களும் அழுதார்கள், வெளியே நின்றவர்களும் அழுதார்கள். நாங்கள் இருந்த அந்த வருஷம்தான், மலையக மக்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அதைச் சொன்னேன். "வந்தது நடந்து, போனது கோச்சியில" என்றார். இவர் நோட்டை மூடிவிட்டார்.

அப்புறம் நாங்கள் எங்கே சுற்றிவிட்டு வந்தாலும் அம்மாயிதான் முதலில் கேட்பார், எந்த ஸ்டேஷன், யார் ஏறினது என்று. தங்கச்சி கோத்தகிரிப் பக்கம் இருந்ததாகக் கடைசிக் கடிதம். கிளம்புவதற்கு முந்தின நாள், "என்னைய ஒரு படம் புடிங்க டீச்சரம்மா, அவகிட்ட காட்டுங்க" என்று தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

மேட்டுப்பாளையத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. தம்பி, இதை டூர் என்றே எழுதிக்கொள்.