சிஷோம் கட்டியதும் மறைத்ததும்

மெரினா பக்கம் பஸ்ஸில் போனால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “வெள்ளைக்காரன் கட்டினதுப்பா, இன்னும் எப்படி நிக்குது பாரு.” கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதற்காக, அந்தக் கட்டடங்களில் சிலவற்றுக்குப் பிளான் போட்ட ஆங்கிலேயர் ராபர்ட் சிஷோமைப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான்.

1840-இல் பிறந்தவர். இருபதுகளிலேயே ஒரு வடிவமைப்புப் போட்டியில் வென்று மாநிலக் கல்லூரியைக் கட்டும் வாய்ப்பைப் பெற்றார். 1870-இல் திறந்தார்கள். கம்பீரமான கட்டடம்தான், ஆனால் இத்தாலியச் சாயல். வேறு எந்தக் காலனி ஊரில் இருந்திருந்தாலும் யாரும் வித்தியாசமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே கடற்கரைச் சாலையில் அவர் 1874-இல் தொடங்கி 1879-இல் முடித்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைப் பாருங்கள். மூலைக்கு மூலை குமிழ் வைத்த கோபுரங்கள், வண்ணக் கண்ணாடிகள், வளைவுக்கு மேல் வளைவு. இரண்டும் ஒரே ஆள் போட்ட பிளான் என்றால் நம்ப முடியாது.

நடுவில் மதுரை வந்தது. கவர்னர் நேப்பியர் பிரபு, சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்கச் சொன்னார். அந்த வேலை சிஷோமிடம் வந்தது. பழுதுபார்க்க வேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும். வளைவு எங்கே பிறக்கிறது, செங்கல்லின் மேல் சுதை எப்படி நிற்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். படிக்க வேண்டியதை அங்கேதான் படித்தார் என்பது என் எண்ணம். அப்புறம் திருவனந்தபுரத்தில் மியூசியம் கட்டப் போனபோது மதுரையை அங்கே கொண்டுபோய் ஒட்டவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை மாதிரியான மலையாளத்து மரவேலையையும் சரிந்த ஓட்டுக் கூரையையும் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ‘இந்தோ சாரசனிக்’ (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகளின் கலவை) என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை.

சரி, சேப்பாக்கத்துக்கு வருவோம். 1855-இல் கர்நாடக நவாப் (ஆற்காட்டு நவாப் என்றும் சொல்வார்கள்) குலாம் முகம்மது கவுஸ் கான் வாரிசில்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழித்தது. சேப்பாக்கத்தில் இருந்த அவருடைய அரண்மனை ஏலத்துக்கு வர, சர்க்காரே எடுத்துக்கொண்டது. அந்த அரண்மனையின் இரண்டு பகுதிகளான கலசமகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் நடுவே கோபுரம் எழுப்பி, ரெவின்யூ போர்டுக்காக (வருவாய் வாரியம்)க் கட்டடத்தை விரிவாக்கியவர் நம்ம சிஷோம். பழைய அரண்மனையோடு பொருந்தும்படி, அதே தோரணையில் கட்டினார். அந்தப் பொருத்தம்தான் என்னை உறுத்துகிறது. அரண்மனையைப் பிடுங்கியவர்கள் அதன் அழகையும் தங்கள் பேரில் எழுதிக்கொண்டார்கள். சர்க்கார் கட்டடங்களுக்கு முஸ்லிம் பாணி பொருந்தும் என்று நேப்பியர் பிரபு மேடையிலேயே பேசியிருக்கிறார். இதில் ரசனை மட்டும் இருந்தது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே வளாகத்தில் இருக்கும் சர்க்கார் அலுவலகமான எழிலகத்துக்கு மனு கொடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே ஒரு அரண்மனை இருப்பது தெரியும்? 2012-இல் கலசமகால் தீப்பிடித்து எரிந்தபோதுதான் பலருக்கு அந்தப் பெயரே காதில் விழுந்தது.

‘வெள்ளைக்காரன் கட்டினது’ என்பதற்கும் வருகிறேன். சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹால் சிஷோமின் பிளான். எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். காண்ட்ராக்டரின் பெயராவது நமக்குக் கிடைத்தது. சாரம் கட்டி ஏறிய கொத்தனார், சுண்ணாம்பு அரைத்த பெண்கள், கல் தச்சர் இவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. கடைசிக் காலத்தில் சிஷோம் லண்டனில் ஒரு தேவாலயம் கட்டினார். இன்று அது கடோகன் ஹால், பெரிய இசை அரங்கம். அங்கே அவர் கைக்கு இந்தக் கொத்தனார்கள் இல்லை. அவருடைய கட்டடங்களில் எனக்குச் செனட் ஹவுஸ்தான் உசத்தி. அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சேப்பாக்கத்தில் எனக்கு வேண்டியது ஒரு பலகை. எந்தச் சுவர் நவாப் காலத்தது, எந்தச் சுவர் சிஷோம் எழுப்பியது, எந்த வருஷம் எப்படி அரண்மனை கைமாறியது என்று தமிழில் எழுதி, சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி வெளியே வைக்க வேண்டும். பொதுப்பணித் துறைக்கு இது ஒரு பெரிய செலவா?