விசாரணைக்கு முன்பே பிள்ளைகளை உள்ளே வைப்பது யார் முடிவு?

2022 டிசம்பர் 31 அன்று வழக்கில் சிக்கிய சிறாரை வைக்கும் செங்கல்பட்டு சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பேட்டரி திருடினான் என்று பிடித்துக்கொண்டு போய் ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் ஆணையமும் வந்தது. இல்லத்துக்குள் நடந்த கொடுமையைப் பற்றி எல்லோரும் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் என்னை இன்றும் அரிக்கிற கேள்வி வேறு. விசாரணையே தொடங்காதபோது அவன் ஏன் அங்கே இருந்தான்?

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பெரியவர்கள் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றமாக இருந்தாலும் சிறாரை ஜாமீனில் விடத்தான் வேண்டும். மறுக்க மூன்றே காரணங்கள்: குற்றவாளிகள் என்று அறியப்பட்டவர்களோடு சேர்ந்துவிடுவான், அவன் உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும். மறுத்தால் ஏன் என்று, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் எழுதிவைக்க வேண்டும். குற்றம் எவ்வளவு பெரியது என்பது இந்த மூன்றில் இல்லவே இல்லை. கொடுங்குற்றம் அல்லாத வழக்கில், சிறுவனின் நலனுக்குத் தேவைப்பட்டால் ஒழிய அவனைப் பிடிக்கவே கூடாது என்கின்றன அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகள். பேட்டரி திருட்டு கொடுங்குற்றமா?

சிக்கல் முதல் நாளிலேயே இருக்கிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துகிறார்கள். அங்கே ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அன்று அவர்கள் கையில் இருப்பது போலீஸ் நிரப்பிய சமூகப் பின்னணிப் படிவம். நன்னடத்தை அலுவலர் விசாரித்து எழுதும் அறிக்கைக்கோ இரண்டு வாரம் அவகாசம். உள்ளே வைப்பதா என்ற முடிவு முதலில், பையன் யார் என்று தெரிவது அப்புறம்.

"அப்பா குடிப்பவர், அம்மா வீட்டுவேலைக்குப் போகிறவர், சேர்க்கை சரியில்லை." படிவத்தில் இப்படி நாலு வார்த்தை இருந்தால் போதும், 'ஆபத்து' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும். வசதியான வீட்டுப் பையன் அதே தப்பைச் செய்தால் அப்பா வக்கீலோடு வந்து நிற்பார். ஏழ்மையை ஆபத்து என்று எழுதுவதை என்னால் ஏற்கவே முடியாது.

சில பிள்ளைகளுக்கு வெளியே உண்மையாகவே ஆபத்து உண்டு. கஞ்சா கைமாற்றச் சிறுவர்களைப் பயன்படுத்துகிறவர்கள் வாசலிலேயே காத்திருப்பார்கள். அப்போதும் பாட்டி வீடு, சித்தி வீடு என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் இல்லம். அப்படிக் கேட்டதற்கு உத்தரவில் ஒரு வரியாவது வேண்டாமா?

எங்கள் தெருவுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் மகன் ஒரு செல்போன் வழக்கில் மாட்டினான். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் சொத்துவரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார்கள். வாடகை வீட்டில் இருக்கும் அக்காவுக்காக யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? வேலை செய்கிற வீடுகளிலெல்லாம் கேட்டார். ஏழு நாளில் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றுவதற்காகப் பையனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று அதே 12-ஆம் பிரிவு சொல்கிறது. அக்காவிடம் இதை யாரும் சொல்லவில்லை. சட்ட உதவி வக்கீல் ஒருவர் மனுப் போட்ட பிறகு, 19-ஆம் நாள், அம்மாவின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அதற்குள் அவனுடைய பத்தாம் வகுப்பு ரிவிஷன் தேர்வு முடிந்துவிட்டிருந்தது.